ஏசி மெக்கானிக் வேலைக்கு வரலாமா? சேலத்தில் வெயில் போனால் என்ன செய்வது?

ஓமலூர்த் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஓமலூர் பக்கம் ஒரு கிராமம். வயது 20. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடமாக மாமாவின் தறிப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மே மாதம் பட்டறை ஆபீஸ் ஏசி நின்றுபோனது. வந்தவர் மாடிக்குப் போய் அவுட்டோர் மூடியைக் கழற்றினார், மீட்டரை வைத்துப் பார்த்தார், தகர டப்பா மாதிரி ஒன்றை மாற்றினார். இருபது நிமிடத்தில் ஏசி ஓடியது. மாமா 900 ரூபாய் கொடுத்தார். எனக்கு அன்று முதல் இதே நினைப்பு.

ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஐடிஐ சேர்ந்தால் இரண்டு வருடம் என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். சேலத்தில் மூன்று மாதக் கோர்ஸ் இருக்கிறது, சர்டிஃபிகேட்டோடு வேலையும் வாங்கித் தருவார்களாம் என்கிறான் நண்பன். எதுவும் வேண்டாம், ஒரு மெக்கானிக்கிடம் ஹெல்பராகப் போ என்கிறார் மாமா. இன்னொரு பயமும் இருக்கிறது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஓடி ஓடி வேலை செய்கிறார்கள், சரி. ஐப்பசி மழையில் யார் ஏசி போடுவார்கள்? மீதி எட்டு மாதம் மறுபடியும் தறிப்பட்டறைக்கே வர வேண்டியதுதானா?

குகை கூலிங்

தம்பி, அந்தத் தகர டப்பாவின் பெயர் கெப்பாசிட்டர். அதை மாற்ற இருபது நிமிடம்கூட வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். உன் மாமா கொடுத்த 900 ரூபாய் டப்பாவுக்கு இல்லை. கெட்டது டப்பாதான், கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் இல்லை என்று தெரிந்துகொண்டதற்கு.

நான் இந்த வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. வந்த புதிதில் எல்லாம் விண்டோ ஏசி. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவதுதான் ஹெல்பர் வேலை. முதல் ஆறு மாதம் ஃபில்டர் கழுவினேன், காயிலுக்குத் தண்ணீர் அடித்தேன், டீ வாங்கி வந்தேன். கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை எங்கள் முதலாளி தொட விட மாட்டார். ஒருநாள் கழற்றிப் போட்ட பழைய கம்ப்ரஸர் ஒன்றை முன்னால் வைத்து, "இதில் காமன் எது, ஸ்டார்ட் எது, ரன் எது, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மூன்று முனை இருக்கும். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு 2, 3, 5 என்று வந்தது. அதிகமாகக் காட்டியது 5. அந்த ஜோடியில் சேராமல் தனியாக நிற்கும் முனைதான் காமன். காமனிலிருந்து மற்ற இரண்டையும் பார்த்தால் 3 காட்டுவது ஸ்டார்ட், 2 காட்டுவது ரன். இரண்டையும் கூட்டினால் அந்த 5 வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வைண்டிங்கில், அதாவது மோட்டார் கம்பிச் சுருளில் கோளாறு. இப்போது வரும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் இந்தக் கணக்கு செல்லாது, மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டும்.

அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள் கேஜ் என் கைக்கு வந்தது. அதனால் மாமா சொல்வதுதான் என் கட்சியும். ஆனால் நல்ல ஆளாகப் பார்த்துச் சேர்.

ஒர்க்‌ஷாப் வாத்தியார்

குகை அண்ணனுக்கு அமைந்தது நல்ல முதலாளி. பத்து வருடம் ஹெல்பராகவே கிடந்து, கேஸ் ஏன் குளிர்கிறது என்று தெரியாமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐடிஐயில் பாடம் எடுப்பவன் என்பதால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ட்ரேடின் பெயர் மெக்கானிக் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங், சுருக்கமாக எம்ராக். இரண்டு வருடம். பத்தாம் வகுப்புப் பாஸ் போதும். முடித்தால் என்டிசி என்ற தேசியத் தொழிற்சான்றிதழ், அதன்மேல் அப்ரன்டிஸ் (தொழிற்பழகுநர்) போனால் என்ஏசி என்ற தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே நீ அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000 ரூபாய் மாதாமாதம் கணக்கில் ஏறும். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ரயில்வே டெக்னீஷியன் தேர்விலும் இந்த ட்ரேடுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன, லோகோ பைலட் தேர்வுக்கும் இது செல்லும். ஹெல்பராகவே இருந்துவிட்டால் இந்தக் கதவுகள் எதுவும் திறக்காது.

மழைக்காலப் பயத்துக்கு ஒன்று சொல்கிறேன். 1902இல் கேரியர் என்பவர் வடிவமைத்த முதல் நவீன ஏசி, மனிதர்கள் சுகமாகத் தூங்குவதற்காகச் செய்ததில்லை. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதம் கூடிக் குறைந்து தாள் சுருங்கி விரிந்ததால் கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதற்குத்தான் செய்தார். நம் பக்கத்து ஸ்பின்னிங் மில்லுக்குள் போய்ப் பார். நூல் அறுந்துபோகாமல் இருக்க, காற்றில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசியோ சித்திரையோ, அதை நிறுத்த முடியாது. படுக்கையறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது நான்கு மாத வேலையாகத்தான் தெரியும்.

ஓமலூர்த் தம்பி

சார், 750 ரூபாய் என் பெட்ரோலுக்கே போதாது. அப்பாவுக்குப் போன வருடம் முதுகு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்த மூன்று மாதக் கோர்ஸ் பற்றி யாருமே சொல்லவில்லையே?

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேர்ஸ்

நான் சொல்கிறேன். ஏசி, ஃபிரிட்ஜ் ஸ்பேர்ஸ் கடை எங்களுடையது. கவுன்டரில் 14 வருடமாக நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். மெக்கானிக்குகளை அவர்கள் வாங்குகிற சாமானை வைத்தே எடை போட்டுவிடுவேன்.

மூன்று மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு வருகிற பையன்கள் முதல் வேலையாகக் கேஸ் சிலிண்டரும் கேஜும் வாங்குவார்கள். பைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் வேண்டாமா தம்பி என்றால், "அப்புறம் வாங்கிக்கிறேன் அக்கா" என்பார்கள். சில பேருக்கு அந்த அப்புறம் வருவதே இல்லை. ஒரே வீட்டுக்கு ஒரே கெப்பாசிட்டரை இரண்டு மாதத்தில் மூன்று முறை வாங்கிப் போன ஆளும் உண்டு. மூன்றாவது முறை, "ஃபேன் மோட்டார் ஜாம் ஆகியிருக்கா பார்த்தியா?" என்று நானே கேட்டேன். பார்க்கவில்லை.

கோர்ஸ் நடத்துகிற எல்லோரையும் குறை சொல்லவில்லை. கையில் டூல் கொடுத்துச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சேரும் முன் பட்டறையைக் காட்டச் சொல். எத்தனை அவுட்டோர் இருக்கிறது, பையன்கள் கையால் ஃப்ளேர் போடுகிறார்களா (நட்டில் பொருந்தப் பைப் முனையை விரிப்பது), அல்லது பலகையில் படம் மட்டும் வரைகிறார்களா என்று பார். காட்ட மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு.

டூல் வாங்கும் வரிசையும் கேட்டுக்கொள். முதலில் நல்ல கிளாம்ப் மீட்டர், டெஸ்டர், ஸ்பேனர் செட். பிறகு பைப் கட்டர், ஃப்ளேரிங் டூல். ஃப்ளேரிங் டூலில் மட்டும் காசு பார்க்காதே. மலிவானதில் போட்ட ஃப்ளேர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் லீக்தான். அதன்பிறகு வேக்கம் பம்ப். கேஜும் சிலிண்டரும் இவற்றுக்குப் பிறகு.

ஃபேர்லாண்ட்ஸ் வாடிக்கையாளர்

நான் மெக்கானிக் இல்லை, அடிபட்டவன். என் ஏசிக்கு நான்கு வருடத்தில் மூன்று முறை கேஸ் நிரப்பியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் 2,500, 3,000. கேட்டால், "கேஸ் தீர்ந்துபோச்சு சார், வருஷா வருஷம் போடணும்" என்கிறார்கள். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவது மாதிரியா இது? தம்பி, நீங்களாவது இப்படிச் செய்யாத மெக்கானிக்காக வாருங்கள்.

குகை கூலிங்

சார், கேஸ் தீராது. அது எரிபொருள் இல்லை, பைப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் விட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் மொண்ட கதைதான்.

லீக் இருக்கும் இடத்தில் கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கசிந்து வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக நிற்கும். பாதி லீக்கைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். முதலில் அவுட்டோர் வால்வில் இருக்கும் இரண்டு ஃப்ளேர் நட்டையும் தடவிப் பாருங்கள், விரலில் பிசுக்கு ஒட்டும். இல்லை என்றால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை போட வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் எப்போதாவது சோப்புத் தண்ணீர் கேட்டாரா?

தம்பிக்கு ஒன்று. நைட்ரஜன் என்றால் நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டர் போட்டு. பைப்பைச் சூட்டில் ஒட்டும் பிரேஸிங் செட்டில் இருக்கிறதே என்று ஆக்ஸிஜனை ஏற்றாதே. உள்ளே இருக்கும் எண்ணெயும் அழுத்தத்தில் வரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இடது கையில் இப்போது இரண்டு விரல்தான்.

அஞ்சு ரோடு டெக்னீஷியன்

நான் ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஐடிஐ முடித்து, அப்ரன்டிஸ் ஒரு வருடம் போய் வந்தவன். இங்கே பேசாத பக்கத்தைச் சொல்கிறேன்.

சம்பளம் குறைவு, எத்தனை சர்வீஸ் கால் (அழைப்பு) முடித்தோம் என்ற கணக்குக்கு இன்சென்டிவ். ஏப்ரல், மேயில் ஒரு நாளைக்கு எட்டு கால் வரும். காலையில் அம்மாப்பேட்டை, மதியம் கொண்டலாம்பட்டி, ராத்திரி ஒன்பதுக்குச் சீலநாயக்கன்பட்டி. பாதி கால் சப்பைதான். "ஆன் பண்ணினால் 24ல் வருது, 18ல் வரலை, ரிப்பேர்" என்று ஒருவர் புகார் கொடுத்தார். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசி எல்லாம் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது விதி. அதை விளக்கிச் சொல்லிவிட்டுப் புகாரை க்ளோஸ் செய்தேன். இன்னொரு வீட்டில் பிசிபி, அதாவது சர்க்யூட் பலகை எரிந்திருந்தது. திறந்து பார்த்தால் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. வீட்டம்மா பல்லி விழுந்த பலன் பார்க்கக் காலண்டரை எடுத்துவிட்டார்கள். பலன் 6,000 ரூபாய் செலவு என்று நானே சொல்லிவிட்டேன்.

சம்பளம் குறைந்தாலும் இங்கே ஒரு லாபம் இருக்கிறது. புது மெஷின் எல்லாம் முதலில் எங்கள் கையில்தான் வரும். ஆர்22 என்ற பழைய கேஸ் போடும் புது மெஷின் 2025 முதல் இந்தியாவில் தயாரிக்கவே கூடாது, பழையதற்குச் சர்வீஸ் மட்டும்தான். கடையில் வரும் புது ஏசி பெரும்பாலும் ஆர்32. கொஞ்சம் புரொப்பேன், அதாவது ஆர்290. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்290 நன்றாகவே பிடிக்கும். நம் சமையல் சிலிண்டரில் இருப்பதன் சொந்தக்காரன்தான் அது. பழைய பழக்கத்தில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேலை பார்க்கும் மூத்தவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

பம்ப் டவுனையும் சொல்ல வேண்டும். ஏசியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டும்போது கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டுவோம். லிக்விட் வால்வை மூடு, கம்ப்ரஸரை ஓடவிடு, சக்‌ஷன் (கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கம்) அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்போது கேஸ் வால்வையும் மூடு, உடனே ஆஃப் செய். பைப் எங்காவது லீக்காக இருந்து, அதைக் கவனிக்காமல் ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் கம்ப்ரஸர் காற்றை உள்ளே இழுக்கும். காற்று, எண்ணெய், கேஸ் மூன்றும் சேர்ந்து அழுத்தத்தில் சூடேறினால் டீசல் இன்ஜின் மாதிரி உள்ளேயே பற்றிக்கொள்ளும். கம்ப்ரஸர் வெடித்தது என்று செய்தி வருகிறதே, அதில் சில இப்படித்தான். கேஜ் மாட்டாமல், குத்துமதிப்பாக "ஒரு நிமிஷம் ஓடட்டும்" என்று பம்ப் டவுன் செய்யாதே.

தோஹா ரிட்டர்ன்

ஒன்பது வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்தேன். இப்போது சங்ககிரி பக்கம் சொந்தமாகச் செய்கிறேன். வெளிநாடு போனால் சீசன் என்ற பேச்சே இல்லை. ஆனால் அங்கே ஸ்ப்ளிட் ஏசியை மட்டும் தெரிந்துகொண்டு போகாதே. பெரிய கட்டடங்களில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்), ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து அனுப்பும் பெட்டி), டக்ட் (காற்றுக் குழாய்), விஆர்எஃப் (ஒரே அவுட்டோரில் பல இன்டோர்). ஏழு டிகிரியில் குளிர்ந்த தண்ணீர் கட்டடம் முழுக்க ஓடிவிட்டுப் பன்னிரண்டில் திரும்பி வரும். அந்த வேலை தெரிந்தவனுக்குத்தான் நல்ல சம்பளம். கோடையில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3:30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. மொட்டை மாடி வேலை எல்லாம் விடிகாலையில்தான்.

ஏஜென்ட் விஷயத்தில் கவனம். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடு. பெயர் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நான் முதல் முறை ஏமாந்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

எம்ராக் இரண்டாம் ஆண்டு

வாத்தியார் சாருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். எங்கள் வகுப்பில் 24 பேரில் நான் ஒருத்திதான் பெண். பிரேஸிங்கில் என் ஜாயின்ட்டைத்தான் சாம்பிளாக மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்ரன்டிஸுக்குக் கேட்டுப் போன இரண்டு இடத்தில் "ஏணி ஏறணும்மா, ராத்திரி கால் வரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேர்ஸ்

கண்ணு, எனக்குத் தனிச் செய்தி அனுப்பு. ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸில் பெண் டெக்னீஷியன் கேட்டு என்னிடமே சொல்லி வைத்திருக்கிறார்கள். லேபர் வார்டு ஏசிக்கு ஆண்களை அனுப்ப அவர்களுக்கே சங்கடம். சேலத்தில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? நாமக்கல், தருமபுரிக்காரர்களும் இங்கேதான் வருகிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கும் மருந்து ஃபிரிட்ஜுக்கும் மழைக்காலம் கிடையாது. தடுப்பூசி 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும் வீண்.

இருபதாவது வளைவு

வேலையாக இருந்ததால் இப்போதுதான் இந்த இழையைப் பார்க்கிறேன். ஏற்காட்டில் 11 வருடமாக ரிசார்ட், ஹோட்டல் பராமரிப்பு செய்கிறேன். தம்பி கேட்ட மழைக்காலக் கேள்விக்கு வாத்தியார் பாதி சொன்னார், மீதியை நான் சொல்கிறேன்.

என் சீசன் உங்களுக்கு நேர்மாறு. கீழே எல்லோரும் ஏசியை ஆஃப் செய்யும்போதுதான் எனக்கு ஃபோன் அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் இங்கே மூன்று கேள்விதான். வெந்நீர் ஏன் வரவில்லை, ரூம் ஏன் சூடாகவில்லை, சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது. முதல் இரண்டுக்கும் பதில் ஏசிக்குள்ளேயே இருக்கிறது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஃபோர்-வே வால்வு ஒன்றைப் போட்டுக் கேஸ் போகும் திசையைத் திருப்பினால் வெளியே இருக்கும் சூட்டை உள்ளே கொண்டு வரும். வெளியே 12 டிகிரிதானே, அதில் என்ன சூடு என்று கேட்பார்கள். கேஸ் அதைவிடக் குளிர்ந்திருந்தால் 12 டிகிரிக் காற்றிலும் எடுக்கச் சூடு இருக்கும். ஹாட் அண்ட் கோல்ட் ஏசியும் ஹீட் பம்ப்பும் ஓடுவது இப்படித்தான்.

ஒரு கணக்கு காட்டுகிறேன். ஒரு ரிசார்ட்டில் பத்து ரூமுக்குக் காலையில் 300 லிட்டர் வெந்நீர் வேண்டும். தண்ணீர் 15 டிகிரியில் இருக்கிறது, 50க்கு ஏற்ற வேண்டும். கீசர் காயிலில் காய்ச்சினால் 12 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஹீட் பம்ப்பில் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு கிடைப்பதால் 4 யூனிட்டில் முடியும். குளிர் கூடக் கூட அந்த மூன்று கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டித்தான் முதல் ஹீட் பம்ப்பை விற்றேன். ஓனர் காபித் தோட்டக்காரர். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுத்தான் சரி என்றார்.

இங்கே கம்ப்ளைன்ட்டும் வேறு மாதிரி. பனிமூட்டத்தில் ஹீட்டிங் ஓடும்போது அவுட்டோர் காயிலில் ஐஸ் பிடிக்கும். அதை உருக்க மெஷின் தானே டீஃப்ராஸ்ட்டுக்குப் போகும், சில நிமிடம் இன்டோர் ஃபேன் நிற்கும். கெஸ்ட் உடனே ரிசப்ஷனுக்கு ஃபோன் போடுவார். அது ரிப்பேர் இல்லை என்று ரிசப்ஷன் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதிக் கால் குறைந்தது.

கீழேயும் தேடினால் வருடம் முழுக்க வேலை உண்டு. பால் குளிரூட்டும் தொட்டியை எடுத்துக்கொள். கறந்த பால் உடம்புச் சூட்டில் வரும், சீக்கிரம் 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். தொட்டி நின்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஃபோன் வரும், பேரம் பேச மாட்டார்கள். வாழைப்பழம், மாம்பழம் பழுக்கவைக்கும் அறை இருக்கிறது. கார்பைடு கல்லுக்குத் தடை என்பதால் எத்திலீன் விட்டு, வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்துத்தான் பழுக்கவைக்க வேண்டும். பேக்கரி, ஐஸ்கிரீம் ஃப்ரீசர், மீன் கடை. ஏசி மெக்கானிக்குகள் பலர் இந்தப் பக்கம் வருவதே இல்லை. டிஃப்ராஸ்ட் டைமர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்றால் பயப்படுகிறார்கள்.

ஓமலூர்த் தம்பி

எல்லோருக்கும் நன்றி. இருபதாவது வளைவு அண்ணா, உங்களிடம் ஹெல்பர் வேலை இருக்கிறதா?

இருபதாவது வளைவு

இருக்கிறது. ஆனால் ஐடிஐ அப்ளிகேஷனைப் போட்டுவிட்டு வா. அட்மிஷன் வரும்வரை என்னோடு இரு, சேர்ந்த பிறகு சனி, ஞாயிறு வா. தினக்கூலி தருகிறேன். உன் அப்பா நிலைமையைப் படித்தேன்.

ஒர்க்‌ஷாப் வாத்தியார்

இதுதான் சரி. விண்ணப்பத்தில் ட்ரேடு வரிசை போடும்போது கவனம், ஃபிட்டரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் வந்து அழாதே.

ஓமலூர்த் தம்பி (ஐந்து மாதம் கழித்து)

அண்ணன்களே, ஐடிஐயில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டேன். சனி, ஞாயிறு மலையில் வேலை. இப்போது ஒரு சந்தேகம். அண்ணன் காபித் தோட்டத்தில் வேறு வேலையாக இருக்கிறார், சிக்னல் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

நாகலூர் பக்கம் ஒரு பங்களாவில் ஆர்32 ஹாட் அண்ட் கோல்ட் மாட்டினோம். என்னை வேக்கம் போடச் சொல்லிவிட்டுப் போனார். பம்ப் 40 நிமிடமாக ஓடுகிறது. கேஜ் ஊசி 25 இஞ்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவே இல்லை. போன வாரம் சேலத்தில் ஒரு வீட்டில் இதே பம்ப், இதே கேஜ், 29 வரை போனது. ஃப்ளேர் நட்டை இரண்டு முறை இறுக்கிப் பார்த்தேன். பம்ப் எண்ணெயும் மாற்றிவிட்டேன். லீக்கா, பம்ப் போய்விட்டதா?

இன்னொன்று. இங்கேயே பக்கத்து ரூமில் ஓடாமல் கிடக்கும் பழைய ஆர்22 மெஷினில் கேஜ் மாட்டினால் 100 பிஎஸ்ஐதான் காட்டுகிறது. சேலத்தில் மதியம் நின்ற மெஷினில் 180 பார்த்திருக்கிறேன். அதிலும் கேஸ் குறைவா?

குகை கூலிங்

நட்டை இன்னும் இறுக்காதே, ஃப்ளேர் பிய்ந்துவிடும். வாத்தியாரே, இது உங்கள் ஏரியா.

ஒர்க்‌ஷாப் வாத்தியார்

பம்ப் நன்றாக இருக்கிறது, லீக்கும் தெரியவில்லை. நீ ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறாய். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் பைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று 30 இஞ்ச் பாதரசத்தை ஒட்டி அழுத்தும், சேலத்தில் 29. ஏற்காட்டில் காற்றே 25 இஞ்ச்தான் அழுத்துகிறது. பைப்புக்குள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஊசி 25ஐத் தாண்ட முடியாது. வேக்கத்தை நுணுக்கமாக மைக்ரானில் அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் அதை மாட்டு. அது வெளிக்காற்றைப் பார்க்காது, மலையிலும் கீழேயும் ஒரே மாதிரி காட்டும். 500க்குக் கீழே வந்ததும் பம்ப்பை அடைத்துப் பத்து நிமிடம் வை, ஏறாமல் நின்றால் முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு: அந்த ரூமில் இப்போது என்ன டிகிரி? நிற்கும் மெஷினில் அழுத்தம் வெப்பத்தைப் பின்தொடரும். ஆர்22 என்றால் 15 டிகிரியில் 100, 35 டிகிரியில் 180. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருந்தாலும் இதே அளவுதான் காட்டும். அதனால் நிற்கும் அழுத்தத்தை வைத்துக் கேஸ் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது. ஓட்டிப் பார்.

ஓமலூர்த் தம்பி

ரூமில் 15 டிகிரி, சார்! அண்ணன் பையில் மைக்ரான் கேஜ் இருந்தது, மாட்டினேன். 420. அடைத்து வைத்திருக்கிறேன், ஆறு நிமிடம் ஆகிறது, 450ல் நிற்கிறது.

இருபதாவது வளைவு

இப்போதுதான் சிக்னல் கிடைத்தது. எண்ணெயை வேறு மாற்றினாயா, இருந்தது அந்த ஒரு பாட்டில்தானே? சரி, பத்து நிமிடம் முடிந்ததும் லிக்விட் வால்வைக் கொஞ்சமாகத் திற, நான் அரை மணியில் வருகிறேன். அடுத்த சனிக்கிழமை பால் தொட்டி வேலை, காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நில். வரும் வழியில் அக்கா கடையில் எண்ணெய் பாட்டில் வாங்கிக்கொள்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேர்ஸ்

ஆறு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். போன மாதப் பாக்கி 340 இருக்கிறது, அதையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.